கட்டுச்சோறும் கடைவீதியும்



"உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்" என்று நம்மில் பலர் கடை வாசலில் அட்டை எழுதி மாட்டியிருக்கிறோம். பெரிய கம்பெனிகளின் அங்காடிகள் வந்தபோதும், கைபேசியில் தட்டினால் வீட்டுக்கே சரக்கு வரும் காலம் வந்தபோதும், சங்கக் கூட்டங்களில் நாம் பேசியது இதைத்தான். தெருவில் இருக்கும் கடைக்காரன்தான் தெருவுக்கு உதவுவான், அவனிடம் கொடுக்கும் பணம் அந்த ஊருக்குள்ளேயே சுற்றி வரும் என்று சொன்னோம். சொன்னது சரியே.

ஆனால் அதே நாம் சுற்றுலா என்று கிளம்பினால் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வி எங்களுக்குத் தானாகத் தோன்றவில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர் மளிகைக் கடைக்காரர் கேட்டுத்தான் எங்களுக்கு உறைத்தது. அதை நம் வணிகச் சகோதரர்களிடம் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

பொங்கல் வியாபாரம் முடிந்து, மார்ச் கணக்கு முடிப்பு வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் எங்கள் கடைவீதி வியாபாரிகள் குடும்பத்தோடு 18 பேர் கிளம்பினோம். காசி, ராமேஸ்வரம் என்று போய்வந்தவர்களே எல்லோரும். இந்த முறை கோட்டை, கோயில், காடு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று குவாலியர், ஓர்ச்சா, கஜுராஹோ, பன்னா, காலிஞ்சர் என்று வழி போட்டோம். சென்னையிலிருந்து டெல்லி போகும் ரயில் பாதையில்தான் குவாலியரும் ஜான்சியும் இருக்கின்றன. அங்கிருந்து வேன்.

வழக்கம்போல் ஒரு சமையல்காரர், ஒரு உதவியாள். அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, ரவை, நல்லெண்ணெய் டின், புளி, மிளகாய், அப்பளம், ஊறுகாய், காப்பித்தூள், காகிதத் தட்டு, காகிதக் கப்பு வரை நம் கடைச் சரக்கே போயிற்று. அடுப்பும் சிலிண்டரும் வேன்காரர் ஏற்பாடு. "ஒரு பைசா வெளியே செலவாகாது" என்று கிளம்பும்போது நாங்களே பெருமையாகச் சொன்னோம். அந்தப் பெருமை மூன்றாம் நாள் கழன்று விழுந்தது.

பூஜ்யம் இருக்கும் கோயில்

முதலில் குவாலியர் கோட்டை. செங்குத்தான பாறைக் குன்றின் மேல் நிற்கிறது. தோமர் வம்சத்து மான் சிங் கட்டிய அரண்மனையின் வெளிச்சுவரில் நீல நிற ஓடுகள் 500 ஆண்டு கழித்தும் பளபளக்கின்றன. ஆனால் கணக்குப் புத்தகம் தொட்டவர் எவரும் அந்தக் கோட்டையில் தவறாமல் பார்க்க வேண்டியது, ஏறும் வழியில் பாறையிலேயே குடைந்த ஒரு சின்னக் கோயில். சதுர்புஜ் கோயில் என்பார்கள். அங்கே கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாமிக்குப் பூ கொடுக்க விட்ட நந்தவனத்தின் அளவு 187 முழத்துக்கு 270 முழம் என்றும், தினமும் 50 மாலை கொடுக்க வேண்டும் என்றும் அதில் எண்களால் வெட்டியிருக்கிறார்கள். 270இலும் 50இலும் வரும் பூஜ்யம் சின்ன வட்டமாக, இன்று நாம் எழுதுவது போலவே இருக்கிறது. இந்தியாவில் கல்லில் காணக் கிடைக்கும் மிகப் பழைய பூஜ்யங்களில் இது ஒன்று.

அந்த மாலைகளைக் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் யார்? பூக்காரர்களின் சங்கத்தார். விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர்கள் செக்குக்காரர்களின் சங்கத்தார். செக்கு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு எண்ணெய் என்று கணக்கு. ஆக, 1,100 ஆண்டுகளுக்கு முன்பே சங்கம் வைத்து, தீர்மானம் போட்டு, தர்மத்துக்கு எழுதி வைத்தவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகளும் தொழிலாளிகளும்தான். நம் பக்கத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் நந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்து, அதை ஒருவர் பொறுப்பில் விட்டு, அவர் தவறாமல் நெய் அளக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். முதல் கரையக் கூடாது, வரும்படியில் தர்மம் நடக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கோட்டையைக் கட்டியவர் அரசர். ஆனால் கோயிலில் விளக்கு எரிந்தது கீழே இருந்த கடைவீதியால். கடைவீதி நன்றாக இருந்தவரை மேலே விளக்கு எரிந்தது.

ராமர் ராஜாவாக இருக்கும் ஊர்

அடுத்து ஓர்ச்சா. ஜான்சியிலிருந்து பக்கம்தான். 1531இல் புந்தேல ராஜா ருத்ர பிரதாப் அமைத்த தலைநகரம். பெத்வா நதி ஓரம் கோட்டை, ஜஹாங்கீர் மஹால், ராஜாக்களின் நினைவு மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கே ராமர் கடவுள் மட்டும் அல்ல, ராஜா. ராம் ராஜா கோயிலில் காவலர்கள் துப்பாக்கி ஏந்தி அரசருக்குரிய மரியாதை செய்கிறார்கள். இப்படி வேறு எங்கும் நாங்கள் பார்த்ததில்லை.

நினைவு மண்டபங்களின் உச்சியில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டியிருக்கின்றன. 1990களில் நாடு முழுதும் இந்த இனம் அழியத் தொடங்கியது. மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகைக் கொன்றது. காரணம் தெரிந்து 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கடை அலமாரியில் இருந்த ஒரு மருந்து ஆகாயத்தில் பறந்த இனத்தையே காலி செய்யப் பார்த்திருக்கிறது. நாம் விற்பதும் வாங்குவதும் எங்கெங்கோ போய்ச் சேருகிறது என்பதை நினைத்துக்கொண்டே அங்கிருந்து கிளம்பினோம்.

ஒரு தீப்பெட்டி

ஓர்ச்சாவிலிருந்து கஜுராஹோ சுமார் 175 கிலோமீட்டர். வழியில் மத்தியானச் சமையலுக்காக ஒரு சிற்றூரில் வேப்ப மர நிழலில் வேனை நிறுத்தினோம். மரத்தை ஒட்டி ஒரு மளிகைக் கடை. பத்துக்குப் பத்து அடிதான் இருக்கும். கோதுமை மாவு, கொண்டைக்கடலை, மசூர் பருப்பு, வெல்லம், கடுகெண்ணெய், சோப்பு, பிஸ்கட், பீடிக்கட்டு. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்குப் புத்தகம். கடைக்காரருக்கு எங்கள் வயது இருக்கும்.

கயிற்றுக் கட்டிலை அவரே தூக்கி வந்து நிழலில் போட்டு வயதான பெண்களை உட்காரச் சொன்னார். கைபம்பைக் காட்டினார், வாளி கொடுத்தார். எங்கள் சமையல் மும்முரமாக நடந்தது. சாதம், சாம்பார், அப்பளம், பாயசம். நடுவில் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் பழுதாகிவிட்டது. அவர் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கினோம், 2 ரூபாய். திருப்பிப் பார்த்தால் கோவில்பட்டிப் பக்கத்துத் தயாரிப்பு!

பருப்பு வியாபாரத்தில் பழகிய அரைகுறை இந்தியில் அவரோடு பேச்சுக் கொடுத்தோம். என்ன தொழில் என்று கேட்டார். மளிகை மொத்த வியாபாரம், உங்கள் மாநிலத்துக் கொண்டைக்கடலை எங்கள் மண்டிக்கு லாரி லாரியாக வரும் என்று சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்படியானால் உங்களுக்குச் சொன்னால் புரியும், சேட்ஜி. இந்தச் சாலையை அகலப்படுத்தியபோது, கஜுராஹோ போகிற வண்டியெல்லாம் இந்த வழியாக வரும், உன் கடைக்கு நல்ல காலம் என்று ஊரில் சொன்னார்கள். வண்டிகள் வருகின்றன. நிழலுக்கு நிற்கின்றன, தண்ணீர் பிடிக்கின்றன, போய்விடுகின்றன. உங்கள் கடை வாசலில் இப்படி ஒரு வண்டி நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?"

அவர் குரலில் கோபம் இல்லை. வியாபாரி வியாபாரியிடம் கேட்கும் கேள்வியாகத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வேன் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தோம். காற்றில் பறந்த எங்கள் காகிதத் தட்டுகளை அவர் கடைப் பையன் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

பற்று வரவு எழுதிப் பார்ப்போம். சமையல்காரர்களோடு சேர்த்து 20 பேர். இரண்டரை மணி நேரம் நிழல், கட்டில், வாளி, தண்ணீர் பெற்றுக்கொண்டோம். அந்த ஊருக்குக் கொடுத்தது 2 ரூபாய், ஒரு வேன் குப்பை. அந்த 2 ரூபாயிலும் பெரும்பகுதி நம் ஊருக்கே திரும்பி வந்துவிடும்!

நம் சரக்கை அவர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் அலமாரியில் வைத்து விற்கிறார். அவர் சரக்கில் ஒரு பிடி கடலை வாங்க நமக்குத் தோன்றவில்லை. இந்த லட்சணத்தில் "உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்" என்று அட்டை!

பெரிய கணக்கு

அன்று இரவு கஜுராஹோ விடுதியில் எங்களுக்குள் பெரிய பேச்சு. மறுநாள் முதல் வேறு மாதிரி நடந்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

கஜுராஹோவைப் பற்றித் தெரியாதவர் இல்லை. சந்தேல மன்னர்கள் சுமார் 950 முதல் 1050 வரை கட்டியவை. 85 கோயில் இருந்தன என்பது வழக்கு, மிஞ்சியது ஏறக்குறைய 25. 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கேயுள்ள பார்சுவநாதர் சமணக் கோயிலின் வாசல் நிலையில் 954ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. பாஹிலர் என்ற செல்வர் ஏழு தோட்டங்களைக் கோயிலுக்குக் கொடுத்து, தமக்குப் பின் இந்தத் தர்மத்தை எவர் காப்பாற்றுகிறாரோ அவருடைய அடிமைக்கும் தாம் அடிமை என்ற பொருளில் வெட்டி வைத்திருக்கிறார். எத்தனை பணிவு பாருங்கள்! கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது, கட்டுவதைவிடக் காப்பாற்றுவது கஷ்டம் என்று.

அந்தக் காப்பாற்றும் வேலையை இன்று செய்பவர் யார்? தொல்லியல் துறை காவலாளியைப் போடுகிறது, புல் வெட்டுகிறது. ஆனால் இந்தக் கோயிலால் நமக்குப் பிழைப்பு என்று அக்கம்பக்கத்து ஊர் நினைக்க வேண்டும். நினைத்தால் கல்லை யாரும் பெயர்க்க மாட்டார்கள். விமானத்தில் வந்து, பெரிய ஓட்டலில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மறுநாள் பறந்துபோகிறவரால் பக்கத்துக் கிராமத்துப் பலகாரக் கடைக்கு என்ன லாபம்? வேனில் சமையல்காரரோடு போன எங்களாலும் அதே பூஜ்யம்தான். குவாலியரில் பார்த்தோமே, அந்த வட்டப் பூஜ்யம்!

காட்டின் கதை இன்னும் கடுமை. கஜுராஹோவிலிருந்து பக்கத்திலேயே பன்னா புலிகள் காப்பகம். கென் நதி காட்டின் ஊடே ஓடுகிறது. 1994இல் புலிகள் காப்பகமாக அறிவித்த இந்தக் காட்டில் 2009இல் ஒரு புலிகூட இல்லை என்று ஆகிவிட்டது. கள்ளவேட்டை முக்கியக் காரணம். அதே ஆண்டு பாந்தவ்கர், கான்ஹா காடுகளிலிருந்து பெண்புலிகளையும் பெஞ்ச் காட்டிலிருந்து ஒரு ஆண்புலியையும் கொண்டுவந்து விட்டார்கள். ஆண்புலி இருக்க மாட்டேன் என்று தன் ஊர்த் திசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துவிட்டது. வனத்துறையார் யானைகளோடு பின்னாலேயே போய்ப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2010 ஏப்ரலில் முதல் குட்டிகள் பிறந்தன. இன்று பெரியதும் சிறியதுமாக 50க்கு மேல் இருக்கின்றன என்கிறார்கள். முதலே கரைந்துபோன வியாபாரத்தை மறுபடி நிமிர்த்திக் காட்டியிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஜீப் ஓட்டியவரும் வழிகாட்டியும் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். புலி கண்ணில் படவில்லை. ஆற்றங்கரையில் புலியின் கால்தடம், கரையில் முதலை, பாறை இடுக்கில் கழுகு, சாம்பார் மான் கூட்டம் பார்த்தோம். வழிகாட்டி சொன்னதுதான் மனதில் நின்றது: "முன்பு காட்டில் கண்ணி வைத்தவன் யார் என்று ஊருக்குத் தெரியும், ஆனால் ஊர் பேசாது. இப்போது புலி போனால் என் பிள்ளையின் பள்ளிச் சம்பளம் போகும் என்று தெரியும், அதனால் பேசுகிறது." கோட்டைக்கும் கோயிலுக்கும் இதே நியாயம்தான்.

கடைசியாகக் காலிஞ்சர் கோட்டை. 1545இல் இதை முற்றுகையிட்டபோது வெடிமருந்து வெடித்துத்தான் ஷேர் ஷா மாண்டார். உள்ளே நீலகண்டேசுவரர் கோயில். இவ்வளவு பெயர்பெற்ற கோட்டையில் அன்று எங்களைத் தவிரக் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். கீழே தேநீர்க் கடைக்காரர் அன்றைக்கு அடுப்பை அணைக்கப் போன நேரத்தில் நாங்கள் 20 பேர் போய் நின்றோம். மறுபடி அடுப்பை மூட்டி, பாலுக்கு ஆளை ஓட்டி, அவரும் மனைவியுமாகப் பரபரத்தது கண்ணிலேயே நிற்கிறது. ஒரு கூட்டம் வந்தால் ஒரு கடைக்கு அது என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுப்புகளுக்குப் பதில்

சில வணிக நண்பர்கள் கேட்பார்கள்: "வயதானவர்களுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஆசாரம் எல்லாம் இருக்கிறதே?" நியாயமான கேள்வி. சமையல்காரரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அரிசி, சாம்பார்ப் பொடி, புளி, காப்பித்தூள் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிய வகை அங்கே எளிதில் கிடைக்காது. பருப்பு, காய்கறி, பால், தயிர், வெல்லம், மாவு, பழம் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். கஜுராஹோவுக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம். காலைச் சாப்பாடு தெருக் கடையில் சுடச்சுட அவலும் ஜிலேபியும். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய் அளவில் அந்தந்த ஊர்க் கடைகளுக்குப் போயிற்று. தலைக்குப் பிரித்தால் 150 ரூபாய். இங்கிருந்து சுமந்த சுமைக்கு இது ஒன்றும் அதிகமில்லை.

இன்னொரு கேள்வி: "சுற்றுலா இடங்களில் ஏமாற்றுகிறார்களே?" இதுவும் உண்மை. ஓர் இடத்தில் வாசலருகே ஒரு கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் 10 ரூபாய் கேட்டார்கள். கொடுக்காமல் நடந்தோம். அதோடு அந்தத் தெருவில் எங்கள் 20 பேரில் ஒருவரும் எந்தக் கடையிலும் எதுவும் வாங்கவில்லை. ஒரு கடை 10 ரூபாய்க்கு ஆசைப்பட்டது, தெருவே அன்றைய வியாபாரத்தை இழந்தது. சுற்றுலாக்காரர் திரும்ப வரமாட்டார் என்று நினைத்து விலை வைப்பவர், அவர் ஊருக்குப் போய் நூறு பேரிடம் பேசுவார் என்பதை மறந்துவிடுகிறார்.

நம் வீட்டுக் கண்ணாடி

இதை அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்தினால் அதுவும் ஊருக்கு உபதேசம்தான். நம் பக்கத்துக்கு வருவோம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சிக் கோட்டை! இனி வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் செஞ்சிக்கு வருவார்கள். அவர்களும் வேனில் அடுப்போடு வந்து, மர நிழலில் ரொட்டி சுட்டுத் தின்று, தட்டை எறிந்துவிட்டுப் போனால் செஞ்சிக் கடைவீதிக்கு எப்படி இருக்கும்?

வருபவர் நம் கடையில் வாங்க வேண்டுமானால் நாமும் தயாராக இருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காத கடை. உள்ளூர்ச் சரக்கு, அதாவது மணிலாக் கடலை, கடலை மிட்டாய், கைக்குத்தல் அவல் போன்றவை சுத்தமான சிறு பொட்டலங்களில். பெண்கள் முகம் சுளிக்காமல் போகக்கூடிய கழிப்பறை. இரண்டு வார்த்தை இந்தி, இரண்டு வார்த்தை ஆங்கிலம் பேசும் ஒரு பையன். இவை நான்கும் இருந்தால் போதும். செஞ்சி மட்டுமல்ல, வேலூர், திருமயம், முதுமலை, தாராசுரம் என்று கோட்டையும் காடும் கோயிலும் இருக்கும் ஊர் வணிகர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

சங்கங்களுக்கு எங்கள் யோசனை ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் குடும்பங்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யுங்கள். கடையை அடைத்துவிட்டு ஒரு வாரம் வெளியே போய்வந்தால் வியாபாரம் ஓடிப்போய்விடாது. நாற்பது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்தே முதுகு வளைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் மூன்று கட்டுப்பாடு வையுங்கள். ஒன்று, நின்ற இடத்தில் ஏதாவது ஒன்றை அந்த ஊர்க் கடையில் வாங்க வேண்டும். இரண்டு, கொண்டுபோன குப்பை நம்மோடு வேனிலேயே திரும்ப வேண்டும். 2019 ஜனவரியில் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து துணிப்பைக்குப் பழகிய நமக்கு இது பெரிய காரியமில்லை. மூன்று, அந்தந்த ஊர் வணிகர் சங்கத்தாரை ஒரு மணி நேரம் சந்தித்துப் பேச வேண்டும். விளைச்சல் எப்படி, விலை எப்படி என்று அவர்கள் வாயால் கேட்பது தரகர் தொலைபேசியில் சொல்வதைவிட மேல்.

குவாலியர் பாறையில் செக்குக்காரர்கள் எழுதி வைத்த எண்ணெய்க் கணக்கு 1,100 ஆண்டுகளாக நிற்கிறது. நாங்கள் அந்த வேப்ப மரத்தடியில் விட்டுவந்த கணக்கு 2 ரூபாய். அடுத்த தையில் மறுபடி அந்த வழி போகிறோம். அந்தக் கடையில் 20 பேருக்கு வேண்டிய பருப்பும் வெல்லமும் வாங்குவது என்று இப்போதே நோட்டில் எழுதிவிட்டோம். பெரியவர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எங்களால் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.

நம் கடை வாசல் அட்டையை நாமே ஒருமுறை படித்துப் பார்ப்போம், வணிகர்களே. பிறகு பெட்டியைக் கட்டுவோம்.